விதைக்கு ஒரு காய்

பிசான அறுவடை முடிந்து வைக்கோல் போர்கள் எழும்பும் மாசி, பங்குனி மாதங்களில் களக்காட்டு வட்டாரத்தில் ஒரு பேச்சு ஆண்டுதோறும் தவறாமல் எழுகிறது. "வெயில் தொடங்கிவிட்டது, இனி என்ன விதைப்பு? ஆடி பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்பதே அப்பேச்சு. அனுபவத்தின் மொழி போல ஒலிக்கும் இச்சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. உழவர் மரபுக்கும் அது ஒவ்வாது. அடுப்பங்கரையின் தேவைக்கும் ஒவ்வாது. இவற்றினும் மேலாக, நம் வட்டாரத்துக் காய்கறி விதைகளின் உயிருக்கே அது உலை வைக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் கோடை விதைப்பைக் கைவிடும் ஊர், சில ஆண்டுகளில் தன் விதையையும் கைவிட்டு நிற்கும் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது முதுமொழி. கோடையைத் தள்ளிவைப்போர் இதையே தமக்குச் சான்றாகக் காட்டுவர். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: தேடி விதைப்பதற்கு விதை எங்கிருந்து வரும்? மாசியில் ஊன்றிய வெண்டையும் சுரையும் பீர்க்கும் பாகலும் சித்திரை, வைகாசி வெயிலில் முற்றி, கொடியிலும் செடியிலும் நின்று காய்ந்து, நல்ல விதையாகின்றன. ஆடியில் ஊன்றியவை முற்றும் வேளையிலோ ஐப்பசி அடைமழை பிடித்துக்கொள்கிறது. விதைக்கு விட்ட காய் கொடியிலேயே அழுகும். விதையில் பூசணம் ஏறும். உலர்த்துவதற்கு ஒரு முழு வெயில் நாள் கிடைப்பதும் அரிது. ஆகவே கோடைத் தோட்டமே ஆடித் தோட்டத்தின் விதைக் களஞ்சியம். ஒன்றை மறுத்து மற்றொன்றைப் போற்றுவது வேரை அரிந்துவிட்டுக் கிளைக்கு நீர் வார்ப்பதை ஒக்கும்.

நம் முந்தைய தலைமுறைப் பெண்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். பந்தலின் நல்ல காயை முதலிலேயே அடையாளம் கண்டு, "இது விதைக்கு" என்று சொல்லி விட்டுவைத்தனர். பிள்ளைகள் அதன்மீது கை வைக்கத் துணியார். முற்றிய சுரைக்குடுக்கை அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கியது. பூசணி விதையும் வெள்ளரி விதையும் சாணத்தில் பொதிந்து சுவரில் அப்பப்பட்டன. கத்தரி விதை சாம்பலில் புரட்டப்பட்டு மண்கலயத்துள் உறங்கியது. சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். புகையும் சாணமும் வண்டையும் பூச்சியையும் அண்டவிடா. ஏட்டில் எழுதப்படாத இந்த அறிவு மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் கைமாறி வந்தது. மகள் மணமாகிப் போகும்போது சேலை முந்தானையில் முடிந்த விதையும் உடன் போயிற்று. இவ்வாறுதான் ஓர் ஊரின் கத்தரி அடுத்த ஊரில் வேரூன்றியது.

இன்று நிலைமை என்ன? கலயம் இருந்த மாடத்தில் வண்ணப் பொட்டலம் இருக்கிறது. அதன் மேல் அச்சிட்ட காய் பளபளக்கிறது, முளைப்பும் குறைவில்லை, முதல் ஆண்டு காய்ப்பும் கண்ணுக்கு நிறைவாகவே இருக்கிறது. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் அப்பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் வீரிய ஒட்டு விதை. அதன் காயிலிருந்து விதை எடுத்து மறு ஆண்டு ஊன்றினால், ஒரு செடி தாயைப் போலவும் ஒரு செடி தந்தையைப் போலவும் ஒன்று இரண்டையும் சேராததாகவும் சிதறிப்போகும். இதற்கான காரணத்தை உலகுக்குச் சொன்னவர் ஒரு துறவி. அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரில் தம் மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்து, இரு வகைகளை ஒட்டியதன் முதல் தலைமுறை ஒரே சீராக இருப்பதையும், அடுத்த தலைமுறையில் மறைந்திருந்த குணங்கள் பிரிந்து வெளிப்படுவதையும் கணக்கிட்டுக் காட்டினார். 1866இல் அவரது கட்டுரை அச்சேறியது. 1900ஆம் ஆண்டுவரை உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. மடத்து வேலியோரத்தில் ஒருவர் பொறுமையுடன் கண்ட அந்த உண்மையே இன்று வணிகத்தின் அடித்தளம். ஒட்டு விதை வாங்குபவர் ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் வாங்கியே ஆக வேண்டும். பொட்டலத்தின் விலை சிறிது. அது கட்டிப்போடும் கட்டு பெரிது.

"சட்டம் நம்மைக் காக்காதா?" என்று கேட்போர் உண்டு. காக்கிறது, ஓர் எல்லைவரை. 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தம் விளைச்சலிலிருந்து விதை எடுக்கவும், சேமிக்கவும், விதைக்கவும், பிறருடன் பரிமாறவும், வணிகப் பெயரிட்டுப் பொட்டலமிடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை வழங்கியுள்ளது. மரபணு மாற்றிய கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் ஒப்புதல் குழு இசைவளித்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்கப்பட்டு, 2010 பிப்ரவரி 9ஆம் நாள் அது நிறுத்திவைக்கப்பட்டது. கத்தரியின் தாயகங்களுள் ஒன்றான இந்நாட்டில் அதன் பல்வகைமை கெடலாகாது என்பது அன்று முன்வைக்கப்பட்ட வாதங்களுள் முதன்மையானது. நல்லது. ஆனால் சட்டம் உரிமையைத் தருமேயன்றி விதையைத் தராது. ஆணை ஒரு புதுக் கத்தரியைத் தடுக்குமேயன்றிப் பழைய கத்தரியை வளர்க்காது. நம் புறவாசலில் வெள்ளைக் கத்தரிக்கு ஒரு பாத்தி இல்லையெனில், எந்த அயல் விதையும் வந்து அதை அழிக்க வேண்டியதில்லை. அது தானே அழியும். கூட்டம் போட்டு முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரிப்பவரின் முழக்கத்துக்கு என்ன பொருள்?

இனி, கோடை விதைப்புக்கு எதிராகச் சொல்லப்படும் தடைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தடை தண்ணீர். பச்சையாறு மெலிந்து, குளங்கள் வற்றி, கிணற்று நீர் கீழிறங்கும் காலத்தில் செடிக்கு ஏது நீர் என்பது நியாயமான கேள்விதான். கணக்கிட்டுப் பார்ப்போம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் ஊரகத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரை அளவாகக் கொண்டது. ஐவர் உள்ள வீட்டுக்கு இது 275 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் போக மிஞ்சியதெல்லாம் அங்கணத்தில் விழுந்து தெருச் சாக்கடைக்கே போகிறது. அதில் பாதியைத் திருப்பினால் பத்துக் குழிச் சுரைக்கும் பாகலுக்கும் வெண்டைக்கும் தாராளமாகக் காணும். அரிசி, காய் கழுவிய நீரை நேரே ஊற்றலாம். குளித்த நீரையும் துவைத்த நீரையும் முதலில் வாழையடியிலும் சேம்பு வரிசையிலும் ஓடவிட்டு, பின் குழிகளுக்குத் திருப்பலாம். கீரைமேல் மட்டும் சோப்பு நீர் படலாகாது. களக்காட்டில் வாழைச் சருகுக்குப் பஞ்சமா? குழியைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குச் சருகைப் பரப்பினால் நாள்தோறும் ஊற்றும் நீர் ஒன்றுவிட்ட நாளுக்குப் போதும். அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் குழியருகே புதைத்து நிரப்பிவைத்தால் நீர் வேருக்கு மட்டும் கசியும். இத்தனை வழியிருக்க, நீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு நீரில்லை என்பது வழக்காடுவதற்கு வேண்டுமானால் உதவும்.

இரண்டாம் தடை வெயில். இதிலும் பாதி உண்மை உண்டு. கடுவெயிலில் தக்காளிப் பூ உதிரும். அதைக் கோடையில் கட்டி அழ வேண்டாம். கொடிக்காய்களைப் பங்குனி கடந்து ஊன்றினால், சூட்டின் மிகுதியால் ஆண் பூவே மிகுந்து பிஞ்சு குறையும். எனவேதான் மாசியே கொடிக்கு உரிய மாதம் என்கிறோம். கோடைக்கென்றே பிறந்த பயிர்கள் நம்மிடம் குறைவா? தண்டங்கீரை ஒரு மாதத்தில் கறியாகும். வெண்டையும் வெள்ளரியும் ஒன்றரை மாதத்தில் காய்க்கும். சீனியவரையும் தட்டைப்பயறும் வெயிலுக்கு முகம் சுளிப்பதே இல்லை. தவக்காலச் சுத்தபோசன நாட்களில் நம் இல்லங்களுக்குக் காய்கறி மிகுதியாகத் தேவைப்படும் வேளையும் இதுவே. தையில் ஊன்றியவர் அந்நாட்களில் தம் பந்தலிலிருந்தே பறிப்பார்.

மூன்றாம் தடையே உண்மையில் மற்ற எல்லாவற்றையும் பின்னின்று இயக்குவது. "கடையில் மலிவாகக் கிடைப்பதற்கு ஏன் இத்தனை பாடு?" என்பது அது. களக்காடு இன்று வாழையின் ஊர். ஏத்தன் தார் லாரியேறி மலைக்கு அப்பால் கேரளத்துக்குப் போகிறது. திரும்பக் கையில் பணம் வருகிறது. அப்பணம் நயினார்குளம் சந்தையிலிருந்து வந்து கடையில் குவிந்த காய்கறிக்குப் போகிறது. வாழையை நாம் பழிக்கவில்லை. அது பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் எல்லா மண்ணையும் ஒரே பயிருக்கு ஒப்படைப்பது அறிவுடைமையா? ஒரு மாலைப்பொழுதின் சூறைக்காற்றில் குலை தள்ளிய தோட்டம் முழுதும் சாய்ந்துகிடப்பதை இவ்வட்டாரம் எத்தனை கோடைகளில் கண்டிருக்கிறது! அன்றைய இரவு உலையேறும் வீட்டில், புறவாசல் பந்தலில் நான்கு பீர்க்கங்காயாவது தொங்கினால் அது வெறும் காய் அன்று. கடன் கேட்டுப் போகாத மானம்.

சந்தை எந்நாளும் நமக்காகத் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையும் உறுதியற்றதே. 2020 மார்ச் 25ஆம் நாள், பங்குனியில், நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அவ்வாண்டு மே மாதம் சென்னைக் கோயம்பேடு சந்தையே நோய்ப் பரவலால் மூடப்பட்டது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு கண்ட பெருமழையில் சாலையும் இருப்புப்பாதையும் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட இரயில் திருவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுபோயிற்று. இரண்டு நாள் லாரி வராவிட்டால் நம் சமையல் என்னாகும் என்ற வினாவுக்கு விடை கடைத்தெருவில் இல்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் குலைந்து இறக்குமதிகள் நின்றபோது கியூபா நாட்டுத் தலைநகர் அவானாவில் மக்கள் வெற்று மனைகளையெல்லாம் காய்கறிப் பாத்திகளாக்கினர். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்து தன் பூங்காக்களைக் கொத்தி உருளைக்கிழங்கு நட்டது. துன்பம் வந்தபின் கொத்தினவர் அவர்கள். துன்பத்துக்கு முன்பே கொத்துவதற்கு நமக்கு என்ன தடை?

மலிவு என்பதன் மறுபக்கமும் உண்டு. மோனோகுரோட்டோபாஸ் என்னும் கொடிய பூச்சிக்கொல்லியைக் காய்கறிகளுக்குத் தெளிப்பதை நடுவண் அரசு 2005ஆம் ஆண்டு தடைசெய்தது. அதுவரை அது எங்கே தெளிக்கப்பட்டது? நம் தட்டுக்கு வந்த காயின்மீதுதான். 2015இல், தமிழகத்திலிருந்து வரும் காய்கறியில் நஞ்செச்சம் மிகுதி எனக் கேரள அரசு குற்றஞ்சாட்டியது. தமிழக அரசு மறுத்தது. வழக்கில் யார் பக்கம் உண்மை எவ்வளவு என்பதை இங்கு தீர்க்க நாம் முனையவில்லை. அண்டை மாநிலத்தார் தம் பிள்ளைகளின் உணவைப் பற்றி உரக்கக் கேட்ட கேள்வியை, அதே காயைத் தின்னும் இவ்வூர் ஏன் கேட்கவில்லை என்பதே நம் வியப்பு. அவர்கள் கேட்டதோடு நில்லாமல் ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி என வீடுதோறும் விதை கொடுத்து வளர்க்கவும் தொடங்கினர். மலைக்கு அந்தப்புறம் முடிந்தது மலையடியில் முடியாதா?

"இடமிருப்பவனுக்குச் சொல்லும் உபதேசம் இது, மூன்று சென்ட் வீட்டுக்காரன் எங்கே போவான்?" என்ற கேள்வி எல்லாவற்றிலும் கூர்மையானது. அதற்கு நாம் தலைவணங்குகிறோம். பிறர் வயலில் பிறருக்காக வாழ்நாளெல்லாம் நட்டவரிடம் சென்று தோட்டம் போடச் சொல்வது அறமாகாது. அவர்களுக்கு இடம் தருவதே அறம். இடம் எங்கே இருக்கிறது? பள்ளி வளாகங்களில் இருக்கிறது. ஆலய வளாகங்களில் இருக்கிறது. மடங்களின் மதிலுக்குள் இருக்கிறது. ஆனால் சென்ற சில ஆண்டுகளில் அங்கெல்லாம் நடந்தது என்ன? மண் தெரிவது அழுக்கென எண்ணி, மூலை முடுக்கெல்லாம் சிமெண்ட் கற்கள் பாவப்பட்டன. மழைநீர் இறங்க இடமில்லை. வேர் இறங்கவும் இடமில்லை. திருவிழாவுக்கு நாற்காலி போட வசதி என்கின்றனர். ஆண்டுக்குப் பத்து நாள் நாற்காலிக்காக ஆண்டு முழுதும் மண்ணைப் புதைப்பது என்ன நியாயம்? 2019இல் நடுவண் அரசு பள்ளிகளில் ஊட்டச்சத்துக் காய்கறித் தோட்டம் அமைக்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 1982 முதல் சத்துணவு உண்டு வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் தட்டில், அவர்களே ஊன்றிய முருங்கையும் கீரையும் விழ வேண்டாமா? வளாகத்தின் ஒரு பகுதிக் கற்களைப் பெயர்த்து, மனையில்லாத குடும்பங்களுக்கு ஆளுக்கு இரு பாத்தி ஒதுக்குமாறு பொறுப்பிலிருப்போரை நாம் கேட்கிறோம். ஈகையாகக் கேட்கவில்லை, நியாயமாகவே கேட்கிறோம்.

மலையடி ஊர்களில் பன்றி, குரங்குத் தொல்லை உண்டென்பதை மறந்து நாம் எழுதவில்லை. புலிகள் காப்பகத்தின் விளிம்பில் வாழும் ஊர் இது. தொலைவிலுள்ள வயலில் கிழங்கு போட்டால் பன்றி முதலில் அறுவடை செய்யும். வீட்டுச் சுவரையொட்டிய பாத்தி காவலுக்கு எளிது. ஆளரவம் அதற்கு வேலி. மற்றொன்றும் நினைவில் வைக்கத் தக்கது: ஏத்தன் கன்றுக்கு ஊடே சுரை, வெள்ளரி, பூசணி இனங்களை ஊன்றலாகாது. அவற்றிலிருந்து அசுவினி கடத்தும் தேமல் நோய் வாழையையும் பற்றும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் எச்சரிக்கை. வாழையின் நலம் கருதியும் கொடிகளுக்கு வீட்டோரமே தக்க இடம்.

கோடை விதைப்பு உடனடிக் காய்க்கு மட்டும் உரியதன்று. சித்திரையில் நட்ட சேனை தைப்பொங்கலுக்கு விளைந்து நிற்கும். சேம்பும் அவ்வாறே. நெல்லைச் சீமைக்கே உரிய சிறுகிழங்கை இப்போது நாற்றங்காலில் பதித்தால்தான் ஆடியில் கொடி கிள்ளி நட முடியும். மார்கழி, தையில் கிழங்கு கிடைக்கும். பொங்கல் முற்றத்தில் கிழங்கு வகைகளை வரிசையாகப் படைத்து மகிழும் நாம், அவற்றுக்கான வேலை பங்குனி, சித்திரை வெயிலில் தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

ஆகவே வாசகப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. இவ்வாண்டு கோடை பிறக்கும்போது புறவாசலில் மூன்று குழி எடுங்கள். குழிக்கு ஒரு கூடை மக்கிய தொழுவுரம் இட்டு, நீர் தெளித்து, ஒருவாரம் ஆறவிடுங்கள். விதையைக் கடையில் தேடுமுன் அண்டை வீட்டு மூதாட்டியிடம் கேளுங்கள். ஊரில் எங்கோ ஒரு மாடத்தில் ஒரு கலயம் இன்னும் இருக்கும். கேட்பாரின்றி அது காத்திருக்கும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் விதையின் முளைப்பு ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகும் என்பதால், அக்கலயத்தைத் திறக்க வேண்டிய ஆண்டு இதுவே. காய்த்தபின் எல்லாவற்றையும் பறித்துவிடாதீர்கள். நோயற்ற கொடியில், நடுப்பருவத்தில் பிடித்த காய்களுள் வடிவான ஒன்றை விதைக்கு விட்டுவையுங்கள். கடைசியில் மிஞ்சிய சூம்பலை விதைக்கு விடுபவர், அடுத்த ஆண்டு சூம்பலையே அறுப்பார். சுரையில் ஒரு கீற்று வாயிலிட்டுக் கசந்தால் அக்கொடியின் காயை உண்ணவும் வேண்டாம், விதைக்கு வைக்கவும் வேண்டாம், அக்கசப்பு நஞ்சு. எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, பாதியை வீட்டில் வைத்து, மீதியை இரண்டு வீடுகளுக்குக் கொடுங்கள். உங்கள் கொடி பட்டுப்போனாலும் அவர்கள் வீட்டில் அது வாழும்.

ஆடியில் தேடி விதைக்கச் சொன்னவர்கள், தேடினால் கிடைக்கும் என்ற உறுதியோடு சொன்னார்கள். அவ்வுறுதியை அவர்களுக்குத் தந்தது கோடைப் பந்தலில் தொங்கிய அந்த ஒற்றைக் காய். வருகின்ற ஆடியில் நம் பிள்ளைகள் தேடும்போது அது கிடைக்க வேண்டுமாயின், வெயிலைக் காரணம் காட்டும் பேச்சை இன்றே நிறுத்திவிட்டு மண்வெட்டியை எடுப்போம்.